மண்டபத்தில் கதைக்கிற மனுசன்

என் கணவர் வீட்டில் கதைக்காத மனுசன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருகிற ஒன்றும் விளங்காது. கோபக்காரர் இல்லை, குடிகாரர் இல்லை, என்னைப் பிடிக்காதவரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாயைத் திறக்கமாட்டார். கறிக்கு உப்புப் போதுமோ என்றால் "ம்". மகள் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டாள் என்றால் "ம்". கூரை இடிந்து விழுகிறது என்று சொன்னாலும் அதே "ம்"தான் வந்திருக்கும், கொஞ்சம் நீளமாக.

நான் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஊரில் வங்கியில் கதிரையில் இருந்து வேலை பார்த்தவர். எண்பதுகளில் நாங்கள் லண்டனுக்கு வந்தபிறகு சிட்டியில் பெரிய பெரிய அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலைதான் அவருக்குக் கிடைத்தது. விடியப்புறம் ஒரு ஷிப்ட், பின்னேரம் ஒரு ஷிப்ட். நான் படித்த நர்ஸ் வேலை இங்கேயும் எனக்குக் கைகொடுத்தது, அவருக்கு ஒன்றும் கைகொடுக்கவில்லை. அந்தக் கவலையில்தான் மனுசன் பேச்சை விட்டுவிட்டது, பாவம், என்று நினைத்தேன். அப்படிப் பாவம் பார்த்துப் பார்த்தே ஈஸ்ட் ஹாம் வீட்டில் வருசக்கணக்காக நான் தனியாகக் கதைத்துக்கொண்டிருந்தேன். சுவரோடு கதைத்திருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலை செய்த வார்டில் பாரிசவாதம் வந்தவர்கள்தான் அதிகம். ஒரு திங்கட்கிழமை ஒரு கொலம்பிய மனுசியைக் கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமையே வாய் கோணி ஒரு கை விழுந்துவிட்டது. வீட்டார் அசையவில்லை. உடுப்பு அயன் பண்ணிவிட்டு, உடம்புச் சூடு ஆறமுதல் போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தவளாம், முகத்தில் காற்று அடித்துவிட்டதாம். யன்னல்களை எல்லாம் சாத்தி, தைலம் பூசி, போர்த்துப் படுக்கவைத்துவிட்டுக் காற்று இறங்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் சனமும் இதைத்தான் சொல்லும், இதைத்தான் செய்யும். அந்த மனுசி திரும்ப எழும்பி நடக்கவேயில்லை.

அதற்குப் பிறகுதான் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் என்னைப் பிடித்தார். எலிஃபன்ட் அண்ட் காசில் என்கிற இடத்துப் பக்கம் ஒரு தேவாலய மண்டபத்தில், ஞாயிறு பூசை முடிய, ஸ்பானிஷ் பேசுகிற சனம் கூடும். மாதத்தில் ஒருநாள் அங்கே போய், பாரிசவாதம் வருகிற அறிகுறிகளை அவர்களுக்குச் சொல்லிக்கொடு என்றார். போகலாம், ஆனால் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே. இந்தத் தலையிடியை அன்று சோறு போட்டுக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன், வழக்கம்போல எனக்கு நானே. இவர் சோற்றுக் கோப்பையிலிருந்து முகத்தை எடுக்காமல் சொன்னார்:

"நான் வாறன். எனக்கு அவையின்ரை பாஷை தெரியும்."

நான் சிரித்துவிட்டேன். இவரோடு ஷிப்டில் நிற்பவர்கள் எல்லோரும் கொலம்பியா, ஈக்குவடோர் ஆட்கள் என்று எனக்குத் தெரியும். தண்ணி, வாளி, விளக்குமாறு என்று நாலு சொல் பிடித்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். தமிழே வராத வாயில் ஸ்பானிஷ் எங்கே வரப்போகிறது!

முதல் ஞாயிறு. கதிரைகள் நிறைந்து சுவரோரமாகவும் சனம் நின்றது. அலுவலகம் துடைப்பவர்கள், ஹோட்டலில் கட்டில் விரிப்பவர்கள், பிள்ளை பார்ப்பவர்கள். நான் எனக்குத் தண்ணிபட்ட பாடான பாடத்தைச் சொன்னேன். திடீரென்று முகம் ஒரு பக்கம் தொங்கினால், ஒரு கை பலம் இழந்தால், பேச்சுக் குழறினால், அல்லது பேச்சே நின்றால் அது காற்று இல்லை, மூளைக்குப் போகிற இரத்தம் தடைப்படுகிறது. சந்தேகமென்றால் ஆளை இருத்திச் சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வசனம் பேசச் சொல்லுங்கள். ஒன்று பிழைத்தாலும் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் வாருங்கள், அடுத்தது பெரிதாக வரக்கூடும். சொல்லிவிட்டு இவரைப் பார்த்தேன்.

இவர் எழும்பி வாயைத் திறந்தார். ஐயோ, நான் என்னத்தைச் சொல்ல! அது என் கணவர் இல்லை. கை ஆடுகிறது, புருவம் ஏறி இறங்குகிறது, குரல் ஒருக்கால் உயர்ந்து ஒருக்கால் தாழ்கிறது. மண்டபம் முழுக்கச் சிரித்தது. பிறகு ஏதோ மெதுவாகச் சொன்னார், முன்வரிசையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். திரும்பவும் சிரிப்பு. நான் சொன்ன நாலு வசனத்தை இவர் ஒரு நாடகமாகவே ஆடி முடித்தார். முடிந்ததும் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு "ப்ரோஃபே, ப்ரோஃபே" என்றார்கள். வாத்தியார் என்று அர்த்தமாம். பாடம் படிப்பித்தது நான், வாத்தியார் அவர்.

அந்தக் கூட்டத்தில் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு மனுசி. இவரோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவள். சிரித்துச் சிரித்து வந்து இவருடைய முதுகில் படாரென்று ஒன்று போட்டாள். கட்டின நாளிலிருந்து நான் அந்த முதுகில் அப்படித் தட்டியது கிடையாது. எங்கள் ஆட்களில் எந்தப் பெண் நாலு பேருக்கு முன்னால் புருசனின் முதுகில் தட்டுவாள்? இவரோ கூச்சப்படாமல் நின்று சிரித்தார், பல்லெல்லாம் தெரிய. இவருக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அவர்களுக்குள் ஒன்றும் இல்லை, அது எனக்கு அப்போதே தெரியும். அவள் என்னைவிட மூத்தவள், பேரப்பிள்ளை கண்டவள். ஏதும் இருந்திருந்தால் எனக்குச் சுகமாகப் போயிருக்கும், இரண்டு கோப்பையை எறிந்து சண்டை பிடித்திருப்பேன். இதற்கு எப்படிச் சண்டை பிடிப்பது? ஏன் அவர்களோடு பகிடி விடுகிறீர்கள் என்றா? எனக்கு வயிறு எரிந்தது. அவள்மேல் மட்டுமில்லை, அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொரு ஆள்மேலும், அவர்களுடைய பாஷைமேலும், விடியப்புறம் அவர்களை ஏற்றிக்கொண்டு போகிற பஸ்மேலும் எரிந்தது.

அடுத்த முறை மண்டபத்துக் குசினியில் கோப்பி குடித்த கோப்பைகளை நானும் அவளும் கழுவிக்கொண்டு நின்றோம். அவளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும், மிச்சத்தைக் கையால் சொல்லுவாள். அன்றைக்கு எதற்கு அவ்வளவு சிரித்தீர்கள் என்று கேட்டேன். உன் கலியாணக் கதைக்குத்தான் என்றாள்.

என் கலியாணக் கதையாம்! தாலி கட்டுகிற நேரம் இவருக்கு இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்கினதாம். வாய் காய்ந்து ஐயர் சொன்ன மந்திரத்தில் ஒரு சொல்கூடத் திருப்பிச் சொல்ல வரவில்லையாம். இவ்வளவு வடிவான பெண் தனக்கு வந்ததில் பயந்துபோய் உடம்பே தன்பாட்டில் ஆடினதாம். ஆகவே சனங்களே, இரண்டு கையும் நடுங்கினால் அது பயம் அல்லது காதல், ஒரு கை மட்டும் விழுந்தால் ஆஸ்பத்திரி. இதைத்தான் இவர் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அந்த மண்டபத்தில் ஒருவரும் இனி அதை மறக்கமாட்டார்கள் என்றாள் அவள். மறக்கமாட்டார்கள்தான். எனக்குத் தெரியாத என் கலியாணம் எலிஃபன்ட் அண்ட் காசில் முழுக்கத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றமுதலே கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, கலியாணத்தண்டு உங்கடை கை நடுங்கினதோ?"

"ம்."

"அதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே."

அவ்வளவுதான். செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுப் போய் ரீவிக்கு முன்னால் இருந்தார். நான் குசினியில் நின்று அழுதேன், கோபத்தில்தான். அன்றிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றாக இருந்தது. நகை வேண்டாம், பெரிய வீடு வேண்டாம். மண்டபத்தில் கதைக்கிற அந்த மனுசன் ஒருநாள், ஒரே ஒருநாள், என் குசினிக்கு வந்து என்னோடு கதைக்கவேண்டும்.

அதற்கு நான் ஆடாத ஆட்டமில்லை. நூலகத்தில் ஸ்பானிஷ் படிப்பிக்கிற கசற் நாடா எடுத்து வந்து, வெங்காயம் வெட்டிக்கொண்டே கடைக்காரனிடம் தக்காளி விலை கேட்கப் பழகினேன். இவர் வந்து வாசலில் நின்று கேட்டார், ஒரு சொல்லைத் திருத்தினார், போய்விட்டார். மகள் விடுமுறையில் வந்தபோது அவளிடம் முறையிட்டேன். அப்பா எப்பவும் அப்படித்தானே அம்மா, விடுங்கோ, என்றாள். பிறகு எனக்குக் கொதி பிடித்தது. இவர் இல்லாமலே நடத்திக் காட்டுகிறேன் என்று, சிஸ்டரைப் பிடித்து, கல்லூரியில் படிக்கிற ஒரு ஸ்பெயின் நாட்டுப் பெட்டையை மொழிபெயர்க்க ஒழுங்கு செய்தேன். நல்ல பிள்ளை. நான் சொன்னதைச் சொன்னபடி, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னாள். சனம் கைகட்டி மரியாதையாகக் கேட்டது. அடுத்த மாதம் பாதிக் கதிரை காலி. அதற்கு அடுத்த மாதம் சிவப்புக் கோட்டுக்காரி எல்லோருக்கும் முன்னால் ப்ரோஃபே எங்கே என்று கேட்டாள். நான் சுகமில்லை என்று பொய் சொன்னேன். அவள் விடவில்லை, விடியத்தானே என்னோடு வேலை செய்தார், நல்ல சுகமாகத்தானே இருந்தார் என்றாள். கோதாரி! திரும்ப இவரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. கதிரை நிறைந்தது.

ஒரு மார்கழி மாதம். அன்று எனக்கு லீவு. இவர் விடிய ஷிப்ட் முடித்து வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்க்க, படுத்திருந்தார். மத்தியானம் எழும்பினார், சோறு போட்டேன், போதுமென்று கையைக் காட்டினார், சாப்பிட்டார். பின்னேரம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு முன்னால் இருந்து நான் வழக்கம்போல அளந்துகொண்டிருந்தேன். மகள் கிறிஸ்மஸுக்கு வருகிறாளாம், அறையைத் துப்புரவாக்க வேண்டும், ஹை ஸ்ட்ரீட் கடையில் மரக்கறி விலை ஏறிவிட்டது. அவர் தலையை ஆட்டினார். பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கோட்டைப் போட்டார். இன்றைக்கு ஒரு "ம்" கூட இல்லையே, அந்தளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குக் கோபம். போய்வாறன் என்று சொல்லாமலே போனார், நானும் எழும்பி வாசலுக்குப் போகவில்லை.

முகம் கோணியிருந்தால் எனக்குத் தப்பியிருக்காது. கை விழுந்திருந்தால் தப்பியிருக்காது. அதுதானே என் வேலை. அப்போது அது இரண்டும் இல்லை.

இருட்டிக்கொண்டு வரும்போது ரெலிபோன் அடித்தது. சிவப்புக் கோட்டுக்காரி. மூச்சு வாங்க வாங்கத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். அவர் பேசவில்லை. அதனால் ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கிறோம்.

பேசவில்லையாம். அதற்காக ஆம்புலன்ஸ் கூப்பிட்டார்களாம். அந்த ஒரு கணம் எனக்கு வந்தது பயமில்லை, விசர்க் கோபம். இந்த மனுசன் பேசாததற்கு ஆம்புலன்ஸ் என்றால் நான் கட்டின நாளிலிருந்து கூப்பிட்டிருக்க வேண்டுமே! பிறகுதான் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன்.

நடந்தது இதுதான். வேலை செய்கிற கட்டிடத்தின் அடியில், உடுப்பு மாற்றுகிற சின்ன அறைக்குள் இவர் போயிருக்கிறார். வாளியை எடுத்திருக்கிறார். ஒருவருக்கும் வணக்கம் இல்லை, பகிடி இல்லை. அவ்வளவு போதுமாயிருந்தது அவர்களுக்கு. அந்த அறையில் ஒவ்வொரு நாளும் முதலில் கேட்பது இவருடைய குரல்தானாம். அது கேட்காததும் எல்லோரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்களாம். அவள் இவரைக் கவிழ்த்த வாளியில் இருத்தி, சிரிக்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, ஒரு வசனம் பேசச் சொல்லியிருக்கிறாள். வலது கை மெதுவாகக் கீழே வந்ததாம். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. நான் படிப்பித்த பாடம், ஒரு எழுத்துப் பிசகாமல்.

ஆஸ்பத்திரிக்கு நான் ஓடிப்போய்ச் சேர, இவர் தள்ளுகட்டிலில் படுத்திருந்தார், கண் திறந்தபடி. ஒரு பக்கத்தில் அவள், வேலை உடுப்போடு. டொக்டர் சின்னப் பெடியன். அவன் என்னைப் பார்த்துக் கேட்டான், அவர் கடைசியாக ஒழுங்காகப் பேசியதை எப்போது கேட்டீர்கள் என்று.

இந்தக் கேள்வியை நானே எத்தனை பெண்களிடம் கேட்டிருக்கிறேன். அது எப்போது தொடங்கியது என்று அறியக் கேட்கிற கேள்வி. எந்தப் பெண்ணும் யோசிக்கமாட்டாள், சாப்பிடும்போது பேசினவர், படியேறும்போது பேசினவர் என்று டக்கென்று சொல்லிவிடுவாள். நான் யோசித்தேன். தேத்தண்ணி குடிக்கும்போது? இல்லை. மத்தியானம்? கையைக் காட்டினார். நேற்று? ஒரு "ம்". முந்தாநாள்? "ம்" பேச்சில் சேர்த்தியோ என்று அந்தப் பெடியனிடம் எப்படிக் கேட்பது? அவன் பேனையோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்குப் பதில் வராததைப் பார்த்து அவள்தான் சொன்னாள். இன்றைக்கு விடிய, வேலை முடிந்து பஸ் தரிப்பில் நின்றபோது பேசினார். புது மேற்பார்வையாளர் கதைக்கிற மாதிரியே கதைத்துக் காட்டினார், நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பெடியன் அதை எழுதிக்கொண்டான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பஸ் தரிப்பில் பேச்சு இருந்திருக்கிறது. பின்னேரம் வாளியை எடுக்கும்போது இல்லை. இடையில் இருந்ததெல்லாம் என் வீடு, என் சோறு, என் தேத்தண்ணி. எனக்கு முன்னால் இருந்துதான் அது போயிருக்கிறது. நான் தள்ளுகட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தில் அவரைத் தவிர வேறு ஒருவருக்கும் விளங்காத பாஷையில் சொன்னேன்:

"என்னோடை கதைச்சிருந்தாத்தானே, கதை நிண்டது எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது. ஒன்றும் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணி வழிந்து காதுப்பக்கம் போனது, நான் துடைத்துவிட்டேன்.

கை சில நாட்களில் தேறத் தொடங்கியது. பேச்சு அசையவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் என்னை இருத்திச் சொன்னாள், இவருக்குத் தமிழ், இங்கிலீஷ், ஸ்பானிஷ் என்று மூன்று பாஷை இருப்பதால் எது முதலில் திரும்பும் என்று சொல்ல ஏலாது, சிலருக்குத் தாய்மொழி வரும், சிலருக்கு அதிகம் பாவித்த பாஷை வரும். அதிகம் பாவித்த பாஷை! அது எது என்று எனக்குத் தெரியாதா? பேச்சு வராமல் போய்விடுமோ என்ற பயத்தோடு, வந்தால் எனக்கு விளங்காத பாஷையில் வருமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. எது பெரிய பயம் என்று கேட்டால் என்னால் சொல்ல ஏலாது.

பார்வையாளர் நேரத்தில் ஷிப்ட் ஆட்கள் முறை வைத்து வந்தார்கள். அவள் ஒவ்வொரு நாளும் வந்தாள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று ஸ்பானிஷில் கொட்டுவாள். அவர் கேட்டுக்கொண்டு கிடப்பார், பதில் வராது. உள்ளதைச் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் பதில் வராதபோது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி. அவள் போனதும் நான் விட்ட இடத்திலிருந்து தமிழில் தொடங்குவேன். ஊர்ப்புதினம், மகளின் புதினம், கலியாணத்தண்டு இவர் உடுத்த பட்டுவேட்டியின் கரை என்ன நிறம் என்பதுவரை. மற்ற நோயாளிகள் எங்கள் கட்டிலை இரண்டு ரேடியோ மாறி மாறிப் பாடுகிற இடம் என்று நினைத்திருப்பார்கள். பொறாமைக்காரிதான் நான். அதற்கென்ன இப்போது?

கிறிஸ்மஸ் கழிந்து, மகளும் வந்து பார்த்துவிட்டுப் போனபின் ஒரு பின்னேரம், மழையில் தெப்பமாக நனைந்து அவள் வந்தாள். கட்டிலடியில் ஒரு கதிரைதான், அதில் நான் இருந்தேன். எவ்வளவு எரிச்சல் இருந்தாலும் வந்த ஆளை நிற்கவைத்துவிட்டு இருக்க எங்களுக்கு வராது, வளர்ப்பு அப்படி. அவளுக்குக் கதிரையைக் கொடுக்க எழும்பினேன். அவள் சந்தோசமாக ஈரக் கோட்டைக் கழற்றினாள்.

என் கார்டிகனை யாரோ இழுத்தார்கள். அவருடைய இடது கை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, தொண்டைக்குள் எதையோ தேடினார்.

"இ... இரும்," என்றார்.

அவள் "ப்ரோஃபே!" என்று கத்திக்கொண்டு கட்டிலைச் சுற்றி ஓடி வந்தாள். என்ன சொன்னவர், என்ன சொன்னவர் என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக இருந்தது. அவர் சொன்னபடி நான் திரும்பக் கதிரையில் இருந்தேன். அவளுக்கு அதை நான் சொல்லவில்லை.